சவரச் சோப்புக் கிண்ணம்

சவரச் சோப்புக் கிண்ணம் என்பது தாடி மழிப்பதற்கான கட்டிச் சோப்பை வீட்டில் வைத்துக்கொள்ளும் வாயகன்ற சிறு பாத்திரம். ஈரப் பிரஷை அதற்குள்ளேயே சுழற்றி நுரை எடுப்பார்கள்; வேலை முடிந்ததும் சோப்பு அதிலேயே கிடந்து உலரும். ஷேவிங் கப், சோப்பு டப்பா, கிண்ணி எனப் பேச்சில் பல பெயர்கள் உண்டு. சோப்பைப் பத்திரமாக மூடி வைக்கும் பாத்திரம் என்றே பலர் இதை வாங்குகிறார்கள். மூடி வைப்பதைவிடக் காயவைப்பதே இதன் முதல் வேலை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வைத்து இதைப் பார்ப்பது நல்லது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்த இந்த மாவட்டத்தில் சித்திரை வெயிலில் காயும் சமவெளியும் இருக்கிறது; கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல் எழும் கல்வராயன் மலையும் இருக்கிறது. கோடையில் சமவெளியிலுள்ள சின்னசேலத்து வீட்டு ஜன்னலோரம் ஒரே பொழுதில் காய்ந்துவிடும் சோப்பு, ஐப்பசி மழையில் மலைமேலுள்ள வெள்ளிமலையில் மறுநாள் காலையிலும் கொழகொழவென்று இருக்கும். ஒரே சோப்புதான், பாத்திரத்தை மட்டும் இடத்துக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

சோப்பின் குணம்

குளியல் சோப்பு பெரும்பாலும் காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு செய்யப்படுகிறது. சவரச் சோப்பில் அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேரும். கொழுப்பமிலங்களில் ஸ்டியரிக் அமிலம் தூக்கலாக இருக்கும். பொட்டாசியம் சோப்பு தண்ணீரில் சீக்கிரம் கரையும். ஸ்டியரிக் அமிலம் நுரையைக் கெட்டியாக நிற்க வைக்கும். கத்திக்கு முன்னால் முகத்தில் நுரை சரியாமல் நிற்பது இந்தச் சேர்க்கையால்தான். தேங்கிய தண்ணீரில் குளியல் சோப்பைவிட இது வேகமாகக் குழைவதற்கும் அதுவே காரணம். சோப்பில் இருக்கும் கிளிசரின் வேறு காற்றின் ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் தொடாமல் வைத்த சோப்பின் மேல்கூட வியர்வைபோல் நீர் அரும்புவது அதனால்.

இன்னொன்று, சோப்பு காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். ஆகவே ஈரமும் காரமும் நாள்தோறும் படும் பாத்திரம் அவற்றைத் தாங்கக்கூடிய பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்.

உலோகங்கள்

நாவிதரின் கருவிப் பைக்கு அடைப்பம் என்று பெயர். சவரக்கத்தி, சாணைக்கல், தீட்டுத்தோல் ஆகியவற்றோடு தண்ணீர்க் கிண்ணி ஒன்றும் அதில் இருக்கும். தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தே முடியை இளக்கிய காலத்தில் பித்தளைக் கிண்ணிக்கு ஒரு குறையும் இல்லை. அதே பித்தளையில் சோப்பை அமுக்கி வைத்தால் கதை வேறு. ஒரு மழைக்காலம் கழிந்து சோப்பைப் பெயர்த்து எடுத்துப் பாருங்கள்: விளிம்பைச் சுற்றி மயில்துத்த நிறத்தில் ஒரு வளையம் தெரியும். பித்தளையிலுள்ள செம்பு சோப்போடு வினைபுரிந்ததன் அடையாளம் அது. செம்பும் இரும்பும் சோப்பிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்வதைத் தூண்டவும் செய்யும். முதலில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும். பிறகு காறிப்போன எண்ணெய் வாடை வரும். அந்த வாடை ஏறிய சோப்பை மீட்க வழியில்லை.

அலுமினியத்தை அறவே தவிர்க்கலாம். காரம் அதை அரிக்கும். உட்சுவர் மங்கி, சோப்பின் அடியில் சாம்பல் நிறக் கறை ஒட்டும். தகர டப்பாவின் பூச்சு கீறினால் துரு. உலோகத்தில் நம்பி வாங்கக்கூடியது எவர்சில்வர் ஒன்றுதான். கீழே விழுந்தாலும் உடையாது என்பதால் குழந்தைகள் புழங்கும் வீட்டுக்குச் சமையலறையிலுள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணமே போதும். ஈரக்கையில் வழுக்கும் என்பது மட்டுமே அதன் குறை; விளிம்பு வளைந்ததாகப் பார்த்து எடுத்தால் பிடிக்க வாகாக இருக்கும்.

மரம், பீங்கான், மாக்கல்

கள்ளக்குறிச்சி என்றதும் மரம் நினைவுக்கு வருவது இயல்பு. இவ்வூர் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூவரசு, மா போன்ற மரங்களில் தெய்வ உருவங்கள் செதுக்கும் கைகள் இங்கே உள்ளன. மேலைநாடுகளில் சவரச் சோப்பை மரக்கிண்ணத்தில் வைத்து விற்பது பழைய வழக்கம். மரம் கைக்கு இதமானது, வழுக்காது, பார்க்கவும் அழகு. ஆனால் நாள்தோறும் நனைந்து காய்ந்தால் மரம் உப்பும், சுருங்கும், கடைசியில் இழையோடு வெடிக்கும். சமவெளியில், காற்றோட்டமான இடத்தில், உள்ளும் புறமும் நன்றாக மெருகெண்ணெய் ஏற்றிய கிண்ணமானால் வைத்துக்கொள்ளலாம். நுரையை வேறு குவளையில் எழுப்பிக்கொள்வது நல்லது. மலையிலோ ஈரம் காயாத குளியலறையிலோ மரம் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். கொட்டாங்குச்சிக் கிண்ணத்துக்கும் இதே தீர்ப்புதான்.

எல்லாவற்றையும் ஒப்பிட்டால் மெருகிட்ட பீங்கானே முதலிடம் பெறும். மெருகு என்பது சூளையில் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். சோப்பின் காரம் அதைத் தொடாது, வாடை ஏறாது, கழுவுவதும் எளிது. கனமாக இருப்பதால் பிரஷைச் சுழற்றும்போது கிண்ணம் ஓடாது. கள்ளக்குறிச்சிக்காரர் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கே பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. சின்னசேலத்திலிருந்து ரயிலும் உண்டு. வாங்கும்போது உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மெருகில் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரம் அதற்குள் இறங்கும். அடிப்பகுதியில் லேசான வரம்போ மேடுபள்ளமோ இருந்தால் நுரை விரைவில் எழும்.

சேலம் பக்கத்துக் கல்சட்டிகள் செய்யப்படும் மாக்கல்லும் அருமையான பொருள். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயருக்கே சோப்புக்கல் என்றுதான் பொருள். தொட்டால் சோப்புப்போல் வழவழப்பதால் வந்த பெயர். சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும் கல் இது. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்த மாக்கல் கிண்ணத்தில் நுரை கடைசிவரை வெதுவெதுப்பாக இருக்கும். மலையின் மார்கழிக் காலையில் இதன் அருமை தெரியும். சமையலுக்குப் பழக்குவதுபோல் இதற்கு எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் நுரையைக் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக் டப்பாக்களில் அடியிலுள்ள முக்கோணத்துக்குள் 5 என்று அச்சிட்டிருப்பது பாலிபுரோப்பிலீன், அது நல்லது. 6 என்றிருப்பது பாலிஸ்டைரீன். சோப்பின் வாசனை எண்ணெய்கள் நாளடைவில் அதை வெடிக்கச் செய்யும்.

அளவும் மூடியும்

கிண்ணத்தின் உள்வாய் சோப்பு வட்டைவிட ஒரு விரலளவு அகலமாகவும், சோப்பு போட்ட பின் மேலே இரண்டு விரல் உயரம் மிச்சமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுரை வழியும். சோப்பு கிண்ணத்துக்குள் ஆடினால் அதைக் காய்கறித் துருவியில் துருவி, சில துளி வெந்நீர் தெளித்து, கட்டைவிரலால் அமுக்கி ஒரு நாள் காயவிட்டால் சுவரோடு பிடித்துக்கொள்ளும். அடியில் தண்ணீர் தேங்கவும் இடம் இருக்காது.

மூடி விஷயத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஈரச் சோப்பை இறுக மூடினால் உள்ளே புழுங்கி வாடை அடிக்கும். பிரஷையும் சேர்த்து மூடினால் அதன் மயிர் அழுகும். எஞ்சிய நுரையை வழித்து, தண்ணீரை வடித்து, திறந்தபடி நிழலில் வைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மூட வேண்டும். சமவெளியில் மூடி தூசிக்காக மட்டும். மலையில் மழைமாதங்களில் மூடியே போடாமல் மெல்லிய துணி போர்த்துவது மேல். அங்கே குளியலறையைவிட அடுப்படிப் பரணில் வைத்த சோப்பு நன்றாகக் காயும். ஊருக்கு எடுத்துச் செல்ல மட்டும் திருகு மூடி டப்பா உதவும். போய்ச் சேர்ந்ததும் திறந்து வைத்துவிட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக உள்ள ஊர்களில் அதன் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கிண்ணத்தில் வெள்ளைப் படலமாக ஒட்டும். சோப்பு தீர்ந்ததும் பீங்கான், எவர்சில்வர் கிண்ணங்களைப் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுத் தேய்த்தால் படலம் கழன்றுவிடும். சோப்பு உள்ளே இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. புளிப்பு பட்டால் சோப்பு பிரிந்துபோகும். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஒரு நாள் வெயில் காட்டிய பிறகு புதுச் சோப்பைப் போடுங்கள்.