இலக்கணம் பெயரிடாத பருவம்

குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கிப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் தனியிலக்கியத்தையே படைத்தது நம் மொழி. உலா, மகளிரைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்தினராக நிறுத்திற்று. அவ்வரிசையோ நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் வாழ்ந்த பெண்ணைப் பாட்டியல் நூலார் எண்ணவேயில்லை. ஆடவர்க்கும் முதுமகன் என்ற ஒரு சொல்லே மிஞ்சியது.

இலக்கணம் கைவிட்ட பருவத்தைப் புலவர்கள் கைவிடவில்லை. புறநானூற்று 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் தாமே பேசுகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், மருதமரக் கிளையேறி மடுவிற் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. இன்று கையிற் பூணிட்ட ஊன்றுகோல். இருமலுக்கிடையே சில சொற்கள். அக்கோலைக் குறிக்கும் தொடரே புலவர்க்குத் தொடித்தலை விழுத்தண்டினார் எனப் பெயராயிற்று. நரையின்றி வாழ்ந்த பிசிராந்தையாரை நாம் மேடைதோறும் போற்றுகிறோம். இவரை அத்துணை நினைப்பதில்லை. எனக்கு இது ஒரு குறையாகவே தோன்றுகிறது.

அதே கோலும் அதே இருமலும் திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் மீண்டும் வருகின்றன. நம் தாம்பரத்துக்கு அணித்தாகிய திருநீர்மலையைப் பத்துப் பாசுரங்களால் பாடியவர் அவர். வதரித் தலத்தைப் பாடும்போது, முதுகை ஒரு கையாற் பற்றி, முன்னே கோலூன்றி, நடுங்கிக் கண்சுழன்று இருமும் கிழவரையும், அவரைக் கண்டு எள்ளும் இளையோரையும் தீட்டுகிறார். காட்சி ஒன்றே; பேசுவோர் நிலைதான் வேறு. அந்நிலை வருமுன் வதரியை வணங்குவோம் என்பது ஆழ்வார் கூற்று. சங்கப் புலவர் முதுமைக்குள் நின்று பேச, ஆழ்வார் அதனை எதிரே வரும் அச்சமாகக் காண்கிறார். பின்வந்த நிலையாமைப் பாடல்கள் பலவும் இவ்வச்சத்தையே பெருக்கின. முதியவர் அங்கே எச்சரிக்கைப் பலகையாகிவிட்டார்.

திருநீர்மலையிலிருந்து சிறிது தொலைவிலேயே குன்றத்தூர். அவ்வூரிற் பிறந்த சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கன் காலமாகிய 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் செய்தார். முதுமையை அவர் நோக்கியது முற்றிலும் வேறு விதம். கயிலை காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர்க்கு முதலிற் கால்கள் தேய்கின்றன, பின் கைகள், பின் மார்பு. அதன் பின்னும் புரண்டு செல்கிறார். உடலின் தளர்ச்சியைச் சேக்கிழார் சற்றும் மறைக்கவில்லை. தேய்வை உறுப்புறுப்பாகவே சொல்கிறார். ஆயினும் அத்தளர்ச்சி நகைப்புக்கோ அச்சத்துக்கோ உரியதாகவில்லை. உடல் தேயுந்தோறும் உறுதி வளர்கிறது. முதுமையை ஒரு செயலாகக் காட்டிய புலவர் இவரென்பேன்.

திருப்பூந்துருத்தி நிகழ்ச்சி அதனினும் நுட்பமானது. சிறுவர் சம்பந்தர் சிவிகையில் வருகிறார். முதியவர் நாவுக்கரசர் கூட்டத்துட் புகுந்து, எவரும் அறியாவண்ணம் அதனைத் தோளில் தாங்குகிறார். பிள்ளைத்தமிழும் உலாவும் தனித்தனியே நிறுத்திய பருவங்கள் இங்கே ஒரே சிவிகையின் மேலும் கீழுமாகச் சேர்கின்றன. அப்பர் எங்குள்ளார் எனப் பிள்ளையார் வினவ, விடை சிவிகைக்கு அடியிலிருந்து வருகிறது. கேட்ட பிள்ளை பதைத்துக் கீழிறங்கி வணங்க, அவர் வணங்குமுன் முதியவர் வணங்குகிறார்.