சிவகாசி லாரியும் ஓவர்லோடு கேஸும்

சிவகாசி என்றதும் எல்லோருக்கும் பட்டாசு ஞாபகம் வரும். அங்குள்ள அச்சகங்களுக்கு பேப்பர் உருளை ஏற்றிவரும் லாரி டிரைவருக்கு எடைமேடைதான் ஞாபகம் வரும்!

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி, 2019 வரை ஓவர்லோடுக்கு அபராதம் 2,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 1,000. அதைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு கிளம்புவது பல மாநிலங்களில் வழக்கமாக இருந்தது. 2005-ல் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. அதிகப்படி பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். அத்தனை கனமான உருளையை நடுரோட்டில் யார் இறக்குவது? இறக்குகூலியும் அபராதத்தோடு சேர்த்துத்தான் (சட்டத்திலேயே இருக்கிறது).

2019 செப்டம்பர் 1 முதல் அபராதம் 20,000, டன்னுக்கு 2,000. எடை போடாமல் நழுவினால் 40,000.

ஏற்றியது யாரோ, சலான் டிரைவர் பெயரில். ஆனால் அதே பிரிவு, ஓட்டியவரோடு ஓட்டச் செய்தவரையும் குற்றவாளி என்கிறது. செக்போஸ்ட்டில் இதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.