அம்பாசடர் பிக்கப்

காரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியைச் சரக்குத் தொட்டியாக்கிய வண்டி. 1934இல் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் ஃபோர்டு வடித்த வடிவமே இவ்வகைக்கு முன்னோடி. இந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரின் மூக்கோடு ‘வீர்’ என்ற பிக்கப்பை விற்றது. பட்டறைகளில் வெட்டி ஒட்டியவை தனிக்கதை.

அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, உடலே சட்டகம். கூரையை வெட்டினால் முதுகெலும்பு போய்விடும். அடியில் இரும்புச் சட்டம் பற்றவைத்தே தீரவேண்டும். பின்பக்க இலைப் பட்டைகள் மட்டும் சுமைக்கென்றே பிறந்தவை. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினைப் போர் போட்டுப் புதுப்பிப்பதைவிட, 1992 முதல் இதே காரில் வந்த 1.8 லிட்டர் இசுசுவைப் பொருத்துவது புத்திசாலித்தனம். ஆனால் வேகத்துக்கு முன் பிரேக்கைக் கவனிக்கவேண்டும்.

இப்படி வெட்டி ஒட்டுமுன் சட்டத்தையும் பார்க்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது.

இவ்வகைக்கு முன்னோடியான ஃபோர்டு, சென்னையை அடுத்த மறைமலைநகரில் 1999இல் இக்கான் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே குடும்பத்துப் பாண்டம் பிக்கப் தென்னாப்பிரிக்காவில் ஓடியது. இங்கே விற்பனைக்கு வரவேயில்லை.