பொம்மை அச்சும் அரே பிராசஸரும்



விருத்தாசலத்தில் படித்த நமக்கு ஸ்லிப் வார்க்கும் பட்டறையை யாரும் விளக்கவேண்டாம். பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக இருக்கும். களிமண் குழம்பை ஊத்து, காத்திரு, மிச்சத்தைக் கவிழ். எல்லா அச்சுக்கும் ஒரே வேலை, உள்ளே இருக்கிற பொம்மை மட்டும் வேறவேற.

1960-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்லாட்னிக் கணினியில் செய்யப் பார்த்ததும் இதுதான். ஒரே கட்டளைக்கு 256 செயலிகள் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பது திட்டம். இல்லியாக்-4 என்று பெயர். கடைசியில் 64 தான் முடிந்தது. செலவோ 80 லட்சம் டாலரிலிருந்து 3 கோடியே 10 லட்சமாகிப்போச்சு. 1972-ல் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போய், ஒழுங்காக ஓட மேலும் சில வருஷம் பிடித்தது. ஆனாலும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அலச அது உதவியது.

படத்துக்கு எதுக்கு இவ்வளவு வேகம்? நம்ம நாட்டுக் கணக்கே போட்டுப் பார்ப்போம். 1988 மார்ச்சில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ-யின் லிஸ்-1 கேமராவில் ஒரு வரிக்கு 2048 புள்ளிகள், நான்கு நிறப்பட்டைகள். 2048 வரி எடுத்தால் ஏறக்குறைய 1 கோடியே 68 லட்சம் எண்கள். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சீராக்க 9 பெருக்கல் என்றால் மொத்தம் 15 கோடி! இதுவும் ஒரே ஒரு சலிப்புக்குத்தான்.

இங்கேதான் ஏபி-120பி வருகிறது. ஒரேகானின் ஃப்ளோட்டிங் பாயின்ட் சிஸ்டம்ஸ் கம்பெனி 1976-ல் கொண்டுவந்த பெட்டி. சாதாரண மினி கணினியோடு ஒட்டுச்சுவர் மாதிரி சேர்த்துக்கொள்ளலாம். பெயர்தான் அரே பிராசஸர்; உள்ளே ஒரு பெருக்கி, ஒரு கூட்டி, அவ்வளவுதான். சூட்சுமம் டனல் சூளையில் இருக்கு. ஒரு தள்ளுவண்டி உள்ளே போய் வெளியே வர நேரமாகும். ஆனால் ஒன்று நுழையும்போதெல்லாம் மறுமுனையில் ஒன்று வந்துகொண்டே இருக்குமே! அதுபோல ஏபி-120பி-யில் 167 நானோ விநாடிக்கு ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். நம்ம 15 கோடி பெருக்கல் காகிதத்தில் 25 விநாடி. காகிதத்தில்தான். வட்டிலிருந்து எண்கள் வரத் தாமதமானால், குழம்பு வராத பட்டறை மாதிரி எல்லாம் சும்மா நிற்கும்.

இந்தியா கிரே சூப்பர் கணினி கேட்டபோது அமெரிக்கா லேசில் கொடுக்கவில்லை; வானிலைப் பணிக்கென்று கட்டுப்பாடுகளோடு ஒன்று டெல்லிக்கு வந்தது. அதற்கு முன்பே, 1986-ல், பெங்களூர் தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தில் இன்டெல் 8086 சில்லுகளைச் சேர்த்து ஃப்ளோசால்வரைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய சாதனையாகப் படுகிறது. பேர் என்னவோ 1991-ல் புனே சி-டாக்கின் பரம் 8000-க்குப் போனது. கறாராகச் சொன்னால் இவை இரண்டும் அரே பிராசஸர் அல்ல, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி நிரல்.

பரம் 8000-இல் இருந்தது இன்மாஸ் டி800 டிரான்ஸ்ப்யூட்டர். என் முதல் வேலையிடத்தில் ஒரு பழைய அலமாரியில் அந்தச் சில்லு கிடைத்தது. எல்லாரும் அதன் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் உறையைத் தடவிப் பார்த்து, "இது அலுமினா பீங்கான் சார், எங்க ஊர்ப் பாடம்" என்றேன்.