பாலத்தூணின் மீனும் பிராட்ஃபர்டின் கதிரும்

1985 செப்டம்பர் 14 அன்று பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கார்கள் ஓடத் தொடங்கிய அந்தப் பாலத்தில், தூண்டில்காரர்களுக்குப் பெரிய வரவு மேலே அல்ல, அடியில். தண்ணீருக்குள் வரிசையாக இறங்கிய தூண்களில் கொட்டலசும் சிப்பியும் ஒட்டிக்கொண்டன. அங்கே மேயச் சிறு மீன்கள் வந்தன. அவற்றைத் தின்ன, ஜார்ஜ் டவுன் சந்தையில் சியாக்காப் என்று விற்கும் கொடுவாவும், கெராப்பு என்று விற்கும் களவாவும் வந்து சேர்ந்தன.

மீனுக்கு அந்தத் தூண் சாப்பாட்டு இடம் மட்டுமல்ல, கோட்டையும்கூட. தூண்டில் முள் தைத்த களவா முதல் சில விநாடிகளிலேயே தூணைச் சுற்றப் பார்க்கும். கொட்டலசின் விளிம்பில் ஒருமுறை உரசினால் போதும், தூண்டில் நரம்பு அறுந்துவிடும். ஆகவே இங்கே ரீல் வாங்குகிறவர் எவ்வளவு தூரம் வீசலாம் என்று கேட்பதைவிட, மீனை எவ்வளவு சீக்கிரம் நிறுத்தலாம் என்று கேட்பதே சரி. கடை அலமாரியில் இருக்கும் ஸ்பின்னிங் ரீலோ, முதலில் தூர வீசுவதற்காகவே பிறந்த பொருள்.

மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ நூலை வெளியிட்ட காலத்தில், ரீல் என்றால் நடு அச்சில் சுழலும் உருளைதான். வீசும்போது உருளையும் சேர்ந்து சுழல வேண்டும். இரை லேசாக இருந்தால் உருளை அசையாது. வேகமாகச் சுழன்றுவிட்டாலோ நரம்பு சிக்காகிவிடும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்துப் பீட்டர் மாலக் 1884இல் உருளையைப் பக்கவாட்டில் திருப்பி வீசும் ரீலைக் கொண்டுவந்தார். முழுத் தீர்வு 1905இல் பிராட்ஃபர்டிலிருந்து வந்தது. அங்கே நெசவாலைத் தொழிலில் இருந்த ஆல்ஃபிரட் ஹோல்டன் இலிங்வொர்த், உருளையை அசையாமல் நிறுத்தி அதன் நுனி வழியாக நரம்பை வழுக்கிப் போகவிட்டார். ஆலையில் கதிர் நுனியிலிருந்து நூல் உருவி வரும் அதே முறை. கோயம்புத்தூர் மில்லில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. 1932இல் ஹார்டி நிறுவனத்தின் ஆல்டெக்ஸ், நரம்பைத் தானே பிடித்துச் சுற்றும் வளைகம்பியைக் கொண்டுவந்தது. இன்றைய ரீலின் உருவம் ஏறக்குறைய அப்போதே அமைந்துவிட்டது.

ஆனால் அவை நன்னீர் மீனுக்கான கருவிகள். கடலில் உப்பு இருக்கிறது. அலுமினிய உடலில் எஃகுத் திருகு இறுகியிருக்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், அங்கே ஒரு சின்ன மின்கலமே உருவாகி அலுமினியத்தை அரித்துத் தின்னும். கடல் ரீல்களுக்கென்றே 1932இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பென் நிறுவனம், 1960களில் ஸ்பின்ஃபிஷர் வரிசையை இறக்கியது. பிற்காலத்தில் பென் ரப்பர் வளையங்களால் ரீலின் உள்ளறையை அடைத்தது. டைவா நிறுவனம் காந்த எண்ணெயால் அடைத்தது. அந்த எண்ணெய்க்கு மூலம், 1963இல் ராக்கெட் எரிபொருளுக்காக நாசாவில் ஸ்டீவ் பேப்பெல் உருவாக்கிய காந்தத் திரவம். அருமையான கண்டுபிடிப்புதான், ஆனால் அந்த இடத்தில் சொந்தமாக எண்ணெய் விடக் கூடாது, சர்வீஸ் மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சம்பான் படகில் அடிக்கடி கடலுக்குப் போகிறவருக்கு, வீட்டிலேயே திருகாணிமுறுக்கியால் பிரிக்கக்கூடிய ரப்பர் அடைப்பே வசதி.

1990களில் பின்னல் நரம்பு பரவியபோது இன்னொரு சோதனை வந்தது. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். மீனின் திமிறலில் ஒரு பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். பாலியெத்திலின் பின்னல் அநேகமாக நீள்வதே இல்லை. அதிர்ச்சி முழுவதும் பற்சக்கரத்துக்கும் உடலுக்கும் போகிறது. பிளாஸ்டிக் உடல் வளைந்து பற்கள் விலகின. உலோக உடலும், சூடானாலும் இழுவை மாறாத கார்பன் டிராக் வட்டுகளும் கடலில் ஆடம்பரம் அல்ல என்பது அதன் பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

பாலத்தடிக்கு 5000 முதல் 8000 வரையிலான ரீல் அளவு, உலோக உடல், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பை ஐந்து சுற்றுப் போடும் அளவான வேகம் போதும். வேகம் கூடினால் பலம் குறையும். பினாங்கின் முக்கா ஹெட் பாறையில் நின்று சிறு இரை வீசுகிறவருக்கு 4000 போதும். விரைந்து ஓடும் தெங்கிரியை, அதாவது வஞ்சிரத்தை, துரத்துகிறவருக்குத்தான் ஆறு சுற்றுக்கு மேற்பட்ட வேகம் வேண்டும்.

நடுத்தர விலையில் தேடினால் பல ஷிமானோ ரீல்களில் ‘மலேசியாவில் தயாரிக்கப்பட்டது’ என்ற எழுத்து இருக்கும். 1921இல் ஜப்பானின் சாக்காயில் சைக்கிள் சக்கரப் பாகம் செய்யத் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஜொகூரின் பொந்தியானில் தொழிற்சாலை இருக்கிறது. பெட்டி மேல் பெரிதாக அச்சிட்ட பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுக்க வேண்டியதில்லை. உப்புக்காற்றில் அடைப்பில்லாத ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க இன்னோர் இடம். அந்தப் பணத்தை டிராக்கிலும் உடலிலும் போடலாம்.