மூன்று பிளஸ் என்றால் என்ன?



நான் வணிகவியல் படித்தவன், தொழில் கணக்காளன். வரிக் கந்தோர்க் கடிதங்களைக் கொண்டு வருகிற எங்கள் சனம், சில வேளை ஆஸ்பத்திரிக் கடிதங்களையும் வாசித்துச் சொல்லக் கேட்பதுண்டு. அப்படி ஒரு நாள் வயதில் மூத்த அக்கா ஒருவர் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை அறிக்கையை நீட்டினார். அதில் "ஹெர்2, மூன்று பிளஸ்" என்று இருந்தது. "தம்பி, இது நல்லதோ கெட்டதோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று தேடத் தொடங்கியதுதான் இந்த உரை.

மியூனிக் நகரின் ஓரத்தில் மார்ட்டின்ஸ்ரீட் என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் உயிர் இரசாயன நிறுவகத்துக்கு 1988இல் இயக்குநர்களில் ஒருவராக வந்தவர் அக்செல் உல்ரிச். 1943இல் இன்றைய போலந்தில் இருக்கும் லவுபான் ஊரில் பிறந்தவர். ஹைடல்பேர்க்கில் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1977இல் எலியின் இன்சுலின் மரபணுவைப் பிரதியெடுத்த குழுவில் முன்னின்றவர் இவரே. எங்கள் வீடுகளில் பலர் ஊசியாகப் போடும் இன்சுலினின் வரலாற்றிலும் இவருக்கு ஒரு பக்கம் உண்டு. பின்பு கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய கவனம் கைனேஸ்கள் மீது திரும்பியது. கைனேஸ் என்பது ஒரு வகை நொதியம். ஒரு புரதத்தின் மீது பொஸ்பேற்றுத் துணுக்கை ஒட்டிவிடுவது அதன் வேலை. பெரும்பாலும் அந்தத் துணுக்குத்தான் 'வேலையைத் தொடங்கு', 'நிறுத்து' என்ற கட்டளை. மனித மரபணுக்களில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் பட்டியலிட்டார்கள். கலம் பெருகும்படி கட்டளையிடும் ஒரு கைனேஸ் நிற்காமல் வேலை செய்தால், அது புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

1985இல் உல்ரிச்சின் குழு ஹெர்2 என்ற கைனேஸின் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்தது. லொஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் டெனிஸ் ஸ்லேமனுடன் சேர்ந்து 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தபோது, சுமார் 30 வீதமானவற்றில் இந்த மரபணு ஒன்றுக்குப் பல பிரதிகளாகப் பெருகியிருந்தது. அந்தப் பெண்களின் நோய் வேகமாகத் திரும்பி வந்தது. இது வெளியானது 1987இல்.

இங்கேதான் ஒரு கணக்காளனுக்குப் பழக்கமான சந்தேகம் எழுகிறது. நட்டத்தில் போகும் கடையில் ஒரு செலவு கூடியிருக்கிறது என்றால், நட்டத்துக்குக் காரணம் அந்தச் செலவா, அல்லது நட்டத்தோடு கூட வந்த இன்னொரு அறிகுறியா? காரணம் இல்லையென்றால் அதை அடக்க மருந்து தேடுவது வீண்.

விடை காண ஒரு வழி இருந்தது. குழப்பமில்லாத ஒரு பேரேட்டை எடுத்து, ஒரேயொரு பதிவை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அந்தப் பேரேடு, ஆய்வுகூடத்தில் வளரும் என்.ஐ.எச். 3ரி3 என்ற சுண்டெலிக் கலம். அதற்குள் ஒரு மரபணுவைச் செலுத்தினால் பெரும்பாலான கலங்கள் சில நாட்களில் அதை இழந்துவிடும். ஆகவே நஞ்சைத் தாங்கும் இன்னொரு மரபணுவையும் சேர்த்துச் செலுத்தி, பின் நஞ்சை ஊற்றுவார்கள். மரபணுவைத் தன் நிறமூர்த்தத்திலேயே பொருத்திக்கொண்ட கலம் மட்டும் தப்பும். அந்த ஒரு கலத்திலிருந்து வளர்வதுதான் நிலையான கலப் பரம்பரை. சென்ற ஆண்டு மீதியைப் புதிய ஆண்டுக்கு முன்கொண்டு செல்வது போல, ஒவ்வொரு தலைமுறையும் அந்த மரபணுவை அடுத்ததற்குக் கொடுக்கும்.

1987இல் ஹுட்சியாக், ஷ்லெசிங்கர், உல்ரிச் மூவரும் முடிவை வெளியிட்டார்கள். ஹெர்2 அளவுக்கு மிஞ்சி உருவான கலங்கள் புற்றுநோய்க் கலங்கள் போல மாறி எலிகளில் கட்டியை வளர்த்தன. ஹெர்2 செலுத்தப்படாத அதே வகைக் கலங்கள் அப்படிச் செய்யவில்லை. மரபணுவில் எந்தப் பிழையும் இருக்கவில்லை. அளவு கூடியதே போதுமாயிருந்தது. சந்தேகம் தீர்ந்தது: ஹெர்2 காரணகர்த்தா.

ஆனால் நிறுவனத்துக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் ஆர்வம் குறைந்திருந்தது. உல்ரிச் ஜேர்மனிக்குத் திரும்பினார். ஸ்லேமன் விடாமல் வற்புறுத்திக்கொண்டிருந்தார். ஹெர்2ஐத் தடுக்கும் எலிப் பிறபொருளெதிரியை 1992இல் மனித உடல் ஏற்கும்படி மாற்றியமைத்தார்கள். 1998 செப்டெம்பரில் அமெரிக்காவிலும், 2000இல் ஐரோப்பாவிலும் ஹெர்செப்டின் அங்கீகாரம் பெற்றது. இதற்காக உல்ரிச், ஸ்லேமன், மைக்கல் ஷெப்பர்ட் மூவருக்கும் 2019இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஷ்லெசிங்கருடன் 1991இல் உல்ரிச் தொடங்கிய சூஜென் நிறுவனத்திலிருந்து சுனிடினிப் என்ற கைனேஸ் தடுப்பு மருந்தும் பிறந்து, 2006இல் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது.

கணக்கு என்றால் கணக்காய்வும் வேண்டுமல்லவா? பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள ஜேர்மன் கலச் சேமிப்பகம், தனக்கு வந்த 252 மனிதக் கலப் பரம்பரைகளைச் சோதித்தது. அவற்றில் 45, பெயர்ச்சீட்டில் உள்ள கலங்களே அல்ல. வேறு கலங்கள் கலந்து இடம்பிடித்திருந்தன. இது 1999இல் வெளிவந்தது. பெயர் பிழைத்த கலத்தில் செய்த ஆய்வு, பொய் ரசீதில் எழுதிய கணக்குப் போன்றது. அதன் விலையைக் கடைசியில் நோயாளிதான் கொடுக்க வேண்டும்.

அக்காவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்வேன். மூன்று பிளஸ் என்றால் அந்தக் கட்டியில் ஹெர்2 மிக அதிகம். ஒரு காலத்தில் அது கெட்ட செய்தி மட்டுமே. இன்று, எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் அடையாளமும் அதுவே.

நேயர்களே, இந்த நாட்டில் 50 முதல் 69 வயது வரையான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை அழைப்புக் கடிதம் வருகிறது. 2024 ஜூலை முதல் 75 வயது வரை பங்குபற்றலாம். ஜேர்மன் மொழியில் இருக்கிறதென்று அந்தக் கடிதத்தை ஒரு பக்கம் வைத்துவிடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டு வாருங்கள்.