நாளை மீட்டவர்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் முதன்மைக் குரலாக ஒலித்தவர் பிரெடரிக் டக்ளஸ். அவருக்குத் தம் பிறந்தநாள் தெரியாது. மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர் அவர். தாய் ஹேரியட் பெய்லி வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் 12 மைல் நடந்து வந்து மகன் பக்கத்தில் படுத்திருப்பார். பிள்ளை கண் விழிக்குமுன் திரும்பிப் போயிருப்பார். மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது அந்தத் தாயும் மறைந்தார். பின்னாளில் டக்ளஸ் பிப்ரவரி 14ஐத் தம் பிறந்தநாளாகத் தாமே தேர்ந்துகொண்டார். அவர் பிறந்தது 1818 பிப்ரவரியில் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தது அவருடைய காலத்துக்குப் பிறகுதான். அதற்குச் சான்றாக இருந்தது, பண்ணையை நடத்தியவர் எழுதி வைத்த அடிமைகளின் கணக்கேடு.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இன்று கொண்டாடும் விழாக்களுக்குள் நுழைய இந்தச் செய்தியே வாசல். பிற சமூகங்களுக்கு விழா நாட்கள் முன்னோர் வழியாகத் தாமே வந்து சேர்கின்றன. ஊரும் பேரும் மொழியும் பறிக்கப்பட்ட இம்மக்களோ தங்களுக்கான நாட்களைத் தேடி எடுத்தார்கள். கிடைக்காதபோது புதிதாக அமைத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி: வரலாற்றுக்கு ஒரு வாரம்

கார்ட்டர் ஜி. வுட்சன் 1875இல் வர்ஜீனியாவில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அவர், 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுக்கு வரலாறே இல்லை என்ற எண்ணம் பாடநூல்களில் கோலோச்சிய காலம் அது. அதை முறியடிக்க 1915இல் ஓர் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1926இல் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ என அறிவித்தார்.

ஏன் அந்த வாரம்? பிப்ரவரி 12 குடியரசுத் தலைவராக இருந்த ஆபிரகாம் லிங்கன் பிறந்தநாள்; 14 டக்ளஸின் நாள். மக்கள் முன்பே கொண்டாடிவந்த இரு நாட்களோடு தம் வாரத்தையும் பிணைத்துவிட்டார் வுட்சன். பள்ளி ஆசிரியர்களும் தேவாலயங்களும் அதை வளர்த்தெடுத்தார்கள். 50 ஆண்டுகள் கழித்து, 1976இல், அது ஒரு மாதமாக விரிந்து குடியரசுத் தலைவரின் ஏற்பையும் பெற்றது. பிறந்தநாள் தெரியாத ஒருவர் தமக்கென வைத்துக்கொண்ட நாள், ஒரு நாட்டின் நாட்காட்டியில் இப்படி இடம்பிடித்தது.

ஜூன் 19: தாமதமாக வந்த சேதி

லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1இல். ஆனால் உள்நாட்டுப் போரின் கைக்கு எட்டாத தொலைவில் இருந்த டெக்சாசில் அடிமைமுறை குலையாமல் நீடித்தது. 1865 ஜூன் 19 அன்று வட மாநிலப் படையின் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுக நகருக்கு வந்து ஆணை பிறப்பித்த பிறகே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்கு விடுதலை உறுதியானது. அந்த ஆணையிலும் ஒரு கொக்கி இருந்தது: விடுதலை பெற்றவர்கள் அமைதியாக இருந்த இடத்திலேயே இருந்து கூலிக்கு வேலை செய்யும்படி அது அறிவுறுத்தியது.

மறு ஆண்டிலிருந்தே மக்கள் இந்நாளைக் கொண்டாடத் தொடங்கினர். ஜூன் என்ற சொல்லையும் பத்தொன்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து ‘ஜூன்டீன்த்’ ஆக்கியதும் அவர்கள்தான். கூடிக் கொண்டாட இடம் வேண்டுமே! ஹியூஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்கள் பணம் திரட்டி 1872இல் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. விழாவன்று பந்தியில் சிவப்பே மேலோங்கும்: தர்பூசணி, சிவப்புச் சோடா, செம்பருத்தி இனப் பூவில் வடித்த பானம். முன்னோர் சிந்திய குருதியின் நினைவு என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அந்தப் பூவின் பானம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வீட்டுக்கு வீடு புழங்குவது.

இந்த நாளோடு பின்னிப்பிணைந்த பெயர் ஓபல் லீ. 1939 ஜூன் 19 அன்று, அவருக்கு 12 வயதிருக்கும்போது, ஃபோர்ட் வொர்த் நகரில் அவர் பெற்றோர் வாங்கிய வீட்டை வெள்ளையர் கும்பல் ஒன்று சூறையாடியது. அதே நாளைத் தேசிய விடுமுறையாக்கக் கோரி, 2016இல், தம் 89ஆம் வயதில் நடைப்பயணம் தொடங்கினார். ஊர்தோறும் இரண்டரை மைல் நடந்தார். சேதி வந்து சேர ஆன இரண்டரை ஆண்டுகளுக்கு அது கணக்கு. 2021 ஜூன் 17 அன்று சட்டம் கையெழுத்தானபோது அவர் அங்கே நின்றிருந்தார். மக்கள் 1866இலேயே கொண்டாடத் தொடங்கிய நாளை அரசு ஏற்க 155 ஆண்டுகள் ஆயின.

ஜனவரி 1: கண்ணீர் நாள்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆண்டுக் கடன்களைத் தீர்க்க, புத்தாண்டு அன்று அடிமைகளை விற்பதும் குத்தகைக்கு விடுவதும் வழக்கம். ‘நெஞ்சுடையும் நாள்’ என்றே அதற்குப் பெயர். மறுநாள் யார் பிள்ளை யாரிடம் போகுமோ என்ற அச்சத்தில் டிசம்பர் 31 இரவு கழியும். 1862இல் அதே இரவில் அம்மக்கள் தேவாலயங்களில் விழித்திருந்தார்கள். இம்முறை காத்திருந்தது விடுதலைப் பிரகடனத்துக்காக. அந்த இரவு வழிபாட்டைக் கறுப்பினத் தேவாலயங்கள் இன்றும் நடத்துகின்றன.

கடல் கடந்த ஹெயிட்டியிலோ 1804 ஜனவரி 1 அன்றே விடுதலை அறிவிக்கப்பட்டுவிட்டது. அங்கே ஒவ்வொரு புத்தாண்டிலும் வீட்டுக்கு வீடு பரங்கிக்காய் சூப் கொதிக்கும். ஆண்டைகளுக்காகச் சமைத்தவர்களுக்கு ஒரு வாய் கூடக் கிடைக்காத உணவு அது என்பது வழிவழிச் செய்தி. 2021இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது.

குவான்ஸா: ஏழு நாள், ஏழு சுடர்

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாட்ஸ் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்தது. அந்தப் பின்னணியில், மறு ஆண்டு, கறுப்பினச் செயற்பாட்டாளர் மௌலானா கரெங்கா உருவாக்கிய விழாவே குவான்ஸா. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை ஏழு நாட்கள். ‘முதற் கனிகள்’ என்னும் பொருள்தரும் சுவாஹிலித் தொடரிலிருந்து வந்த பெயர். அத்தொடரில் உள்ள ‘குவான்ஸா’ என்ற சொல்லுக்கு ஆங்கில எழுத்தில் ஆறே எழுத்து. தொடக்க நாளில் விழாவுக்கு வந்த ஏழு குழந்தைகளும் ஆளுக்கு ஓர் எழுத்தாக நிற்க ஆசைப்பட்டதால் கடைசியில் இன்னொரு எழுத்து சேர்ந்தது என்பார்கள்.

மாலையில் குடும்பம் கூடும். பாய் விரித்து, அதன்மேல் கனிகளும் ‘கினாரா’ என்ற விளக்குத்தண்டும் வைப்பார்கள். நடுவில் கறுப்பு மெழுகுவத்தி ஒன்று. இருபுறமும் சிவப்பு மூன்று, பச்சை மூன்று. கறுப்பு மக்களுக்கு, சிவப்பு போராட்டத்துக்கு, பச்சை வருங்காலத்துக்கு. முதல் நாள் கறுப்புச் சுடர், பிறகு நாளுக்கொன்று. “ஹபாரி கானி?” – என்ன சேதி? – என்று பெரியவர் கேட்பார். அன்றைய நெறியின் பெயரே விடை: ஒற்றுமைக்கு உமோஜா, கூட்டுறவுப் பொருளாதாரத்துக்கு உஜாமா, படைப்பாற்றலுக்குக் கூம்பா என்று போய், ஏழாம் நாள் நம்பிக்கையைக் குறிக்கும் இமானியில் முடியும். பொதுக் கிண்ணத்திலிருந்து நீர் வார்த்து, மறைந்தோரைப் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

இது ஒருவர் எழுதி வைத்த விழாதானே என்று குறை சொல்வோர் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரில் பெரும்பாலோர் மேற்கு ஆப்பிரிக்கர். கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாஹிலிக்கு இங்கே என்ன வேலை என்றும் கேட்கிறார்கள். எந்த ஒரு குலத்துக்கும் தனியுடைமையாகாத பொதுமொழி என்பதாலேயே அதைத் தேர்ந்ததாக விழாவினர் விடை சொல்கிறார்கள். எந்த விழாவும் ஒருநாள் யாரோ தொடங்கியதுதான். அடுத்த தலைமுறை அதை ஏற்கிறதா என்பதே அதன் உரைகல். குவான்ஸா அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

அந்தப் பாயில் மக்காச்சோளக் கதிர்களும் இருக்கும். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை கதிர். பிள்ளை இல்லாத வீட்டிலும் ஒரு கதிர் வைப்பதே முறை. சமூகத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை என்பது அதன் பொருள்.